தீட்டு கொடுத்த மார்கழி விடுமுறை

அத்திம்பேர்,

இன்று காலை அக்கா இரும்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளிருந்து கிளம்பிய பாச்சை உருண்டை வாசனை கூடத்தைத் தாண்டி, கொல்லையைத் தாண்டி, என் கணக்குப்படி ஆந்திர எல்லையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பியிருக்கும். வாசனைக்குப் பின்னால் உங்கள் மப்ளர் வந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்டது. மூர் மார்க்கெட்டில் நான் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. அந்தப் பேரத்தைக் கேட்டுக் கடைக்காரன் அழுதான், அவன் பக்கத்துக் கடைக்காரனும் சேர்ந்து அழுதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அவன் சொன்ன விலையைத்தான் கொடுத்தேன். அது உங்களுக்கும் தெரியும்.

"குளிர்றதே, நீ போட்டுக்கோயேன்" என்றாள் அக்கா. கழுத்து வரைக்கும் கொண்டுபோனேன். அதற்கு மேல் கை போகவில்லை. மடித்து அவளிடமே கொடுத்துவிட்டேன்.

நீங்கள் இல்லாத முதல் மார்கழி இது. விடியற்காலையில் கோவில் மணி அடித்தால், அந்நேரம் நீங்கள் எழுந்திருந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. திருவள்ளூரில் ஊரே போர்வைக்குள் சுருண்டிருக்கும்போது நீங்கள் ஈர வேட்டியோடு மடைப்பள்ளிக்குள் நுழைந்துவிடுவீர்கள். பெருமாளுக்குத் தளிகை செய்கிற குடும்பம் உங்களுடையது. உங்கள் அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கும் மேலே போனால் திருப்பாற்கடலுக்கே அடுப்பு மூட்டியது உங்கள் வம்சம்தான் என்று நான் குழந்தைகளிடம் அடித்துச் சொல்வேன். அவர்கள் எனக்குப் 'புளுகு மாமா' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

பட்டணத்தில் மார்கழி என்றால் சங்கீதம். நமக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாசஞ்சர் வண்டிதான். ஆனாலும் உங்களுக்கு ஒரு கச்சேரி கூட வாய்த்ததில்லை. மார்கழியில் மடைப்பள்ளி அடுப்பு அணைந்தால்தானே? பட்டணத்தில் அவர்கள் தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கும் நேரத்தில் நீங்கள் மறுநாள் பொங்கலுக்கு மிளகு உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு மார்கழியில் உங்கள் பங்காளி வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. காஞ்சிபுரத்தில் அவன் முதல் தடவை அழுதான். இங்கே உங்களுக்கு விருத்தித் தீட்டு வந்துவிட்டது. பத்து நாள் மடைப்பள்ளிப் பக்கமே போகக்கூடாது. உங்கள் தம்பியும் அதே தீட்டுக்காரர் என்பதால், தாயாதி அல்லாத வேறொருவர் வந்து கரண்டியை எடுத்தார். சாவுத் தீட்டு என்றால் துக்கம். இது பிறப்புத் தீட்டு. சந்தோஷமாகத் தீட்டுக் காக்கலாம். நீங்களோ கை கால் கட்டிப் போட்ட மாதிரி வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தீர்கள்.

"சரித்திரத்திலேயே முதல் தடவையா உங்களுக்கு மார்கழி விடுமுறை! கிளம்புங்கோ பட்டணத்துக்கு" என்றேன்.

"தீட்டுக்காரன் ஊர் சுத்தலாமாடா?"

"கோவிலுக்குத்தான் போகப்படாது. கச்சேரிக்குப் போகலாம். காலேஜுக்குப் போகலாம்."

"காலேஜா? எனக்கா?"

"செத்த காலேஜ்" என்றேன். மியூசியத்துக்குப் பட்டணத்து ஜனங்கள் வைத்த பெயர் அது. மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ்.

அக்காதான் உங்கள் துணிப்பையைக் கட்டினாள். அவள் கட்டிய வேகத்துக்குக் காரணம் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் நான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த இரும்புப் பட்டறையில் தொழிலாளர்களுக்குக் கேன்டீன் திறக்கப் போகிறார்கள், சமைக்க ஆள் வேண்டும். நான் உங்களுக்காக மேனேஜரிடம் பேசி வைத்திருந்தேன். தை பிறப்பதற்குள் பதில் சொல்லவேண்டும். கோவில் தருகிற அரிசியை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களை வளர்ப்பது அக்காவுக்கு மூச்சு முட்டியது. ஆனால் அவள் உங்களை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. நீங்களும் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டால் ஒரே கேள்விதான் திரும்பி வரும்: "நான் போயிட்டா அவருக்கு யார் பண்ணுவா?" உங்கள் தம்பி இருக்கிறார், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் காதில் விழாது. பெருமாள் உங்கள் கையை நம்பித்தான் உயிர் வாழ்கிறார் என்று ஒரு பயம் உங்களுக்கு. பெருமாளைப் பற்றி நான் விட்ட புளுகுகளில் கூட இவ்வளவு பெரியது இல்லை.

திருநின்றவூர் தாண்டும்போது வயல் மேல் பனி படுத்துக் கிடந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் மரப் பலகையில் நீங்கள் மப்ளர் இல்லாத கழுத்தோடு நடுங்கிக்கொண்டு, "இந்நேரம் முதல் தளிகை ஆயிருக்கும்" என்றீர்கள். ஆவடி வந்ததும், "இந்நேரம் அமுது செய்யத் திரை போட்டிருப்பா." சென்ட்ரலில் இறங்கியபோது, "இந்நேரம் திருப்பாவை கோஷ்டி முடிஞ்சிருக்கும்." உங்களைப் பட்டணத்துக்குக் கூட்டி வந்தேன் என்று நினைத்தேன். நான் கூட்டி வந்தது ஒரு கடிகாரத்தை.

திருவல்லிக்கேணியில் என் சிநேகிதனுடைய மேன்ஷன் அறையில் தங்கினோம். வெளியில் சாப்பிட மாட்டீர்கள் என்பதால், மண்ணெண்ணெய் அடுப்பில் நீங்களே புளிக்காய்ச்சல் கிளறினீர்கள், மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு. "இது மேன்ஷன் அத்திம்பேர், மடைப்பள்ளி இல்லை. கொஞ்சம் நாக்குல விட்டுத்தான் பாருங்களேன்" என்றேன். நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி பார்த்தீர்கள்.

மாலைக் கச்சேரி மயிலாப்பூரில், ஒரு கீற்றுப் பந்தலில். தகர நாற்காலிகள். கால் வைக்கிற இடமெல்லாம் மணல். பாட வந்தவர் பெரிய வித்வான். அவர் ஆலாபனையை ஆரம்பித்ததும் மெரினாவில் அலை நின்றுவிட்டது என்று நான் பிற்பாடு குழந்தைகளிடம் சொன்னேன். அலை நின்றதோ இல்லையோ, நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். வித்வான் மேலே மேலே ஏறிப் போய் ஓர் இடத்தில் நின்று, சட்டென்று வழுக்கிக் கீழே வந்து சேர்ந்தார். முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு "பலே!" என்றார். இன்னொருவர் "ஆஹா... ஆஹா..." என்றார்.

நீங்கள் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தீர்கள். "என்னடா, பாடிண்டு இருக்கறச்சேயே பேசறா?"

"நன்னா இருக்குன்னு சொல்றா."

"மூஞ்சிக்கு நேரேயா?"

"பின்னே, முதுகுக்கா சொல்லுவா?"

அதற்கப்புறம் நீங்கள் வித்வானைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எங்கிருந்து அந்த 'ஆஹா' வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பாதிப் பந்தல் காபிக்கு எழுந்தது. நானும் எழுந்தேன். "உட்காருடா. ஒரு மனுஷன் வேலை பண்ணிண்டு இருக்கான்" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தீர்கள். முடிகிற வரை உட்கார்ந்தோம். முடிந்ததும் நீங்கள், வாழ்நாளில் முதல் தடவையாக, மிகச் சன்னமாக, "பலே" என்றீர்கள். மிருதங்கக்காரருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

வெளியே வரும்போது வாசலில் இரண்டு பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வித்வானை அலசிக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்குத் தொண்டை ஒத்துழைக்கலை. மேல் ஸ்தாயியில கொஞ்சம் விரிசல்." "ஆனா பல்லவி எடுத்த இடம் இருக்கே ஓய்!" நான் நாலு தப்படி போய்த் திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணோம். அவர்கள் பக்கத்தில் நின்று, வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள், ஏதோ புராணப் பிரசங்கம் மாதிரி.

கடற்கரையோரமாக நடந்து திரும்பினோம். விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. பாதி வழியில் திடீரென்று சொன்னீர்கள்:

"எனக்கு யாருமே சொன்னதில்லைடா."

"எதை?"

"நன்னா இருக்குன்னோ, நன்னா இல்லைன்னோ. பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி நான் ருசி பார்க்கப்படாது. வாசனை கூடப் பிடிக்கப்படாது. அவர் அமுது செஞ்சப்புறம் அது பிரசாதம். பிரசாதத்தைக் குத்தம் சொன்னா அபசாரம். நன்னா இருக்குன்னு சொன்னாலும் அது பெருமாளோட பிரசாதம்னுதான் நன்னா இருக்கும். எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா சமைக்கறேன். சமைக்கத் தெரியுமா தெரியாதான்னே எனக்குத் தெரியாது."

நான் சும்மா இருப்பவனா? "என்ன அப்படிச் சொல்லிட்டேள்! உங்க புளியோதரைக்கு தேவலோகத்துல வரிசை நிக்கறது. இந்திரன் ஐராவதத்தை விட்டுட்டு நடந்தே வந்து..."

"நீ சும்மா இரு" என்றீர்கள். கோபமில்லை, குரல் மட்டும் களைத்திருந்தது. "நீ பச்சைத் தண்ணியையே அமிர்தம்பே. நீ சொன்னா நான் எப்படிடா நம்பறது?"

என் நாக்கில் எந்நேரமும் தயாராக நிற்கிற ஆயிரம் வார்த்தைகளும் அந்தக் கணத்தில் எங்கோ ஓடிவிட்டன. உங்களுக்கு உண்மையாகவே வேண்டியிருந்த ஒரே சொல்லை என்னால் கொடுக்க முடியவில்லை. கொடுத்தாலும் செல்லாது.

மறுநாள் எழும்பூர். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்தோம். "இதோட விலா எலும்புல நம்ம தெருவுக்கே பந்தல் போடலாம்" என்றேன். சிரித்தீர்கள். பிறகு செப்புத் திருமேனிகள் இருக்கிற கூடத்துக்கு வந்தோம். வாசலிலேயே செருப்பைக் கழற்றினீர்கள். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டீர்கள்.

பெருமாள் நின்றுகொண்டிருந்தார். சங்கும் சக்கரமும் ஏந்தி, ஒரு கை அபயம் காட்டி. இடுப்பில் வஸ்திரம் இல்லை. மார்பில் மாலை இல்லை. அந்த மார்கழிக் குளிரில், திருவள்ளூர்ப் பெருமாளுக்குப் போர்வை சாற்றியிருக்கிற நேரத்தில், இவர் வெறும் உடம்போடு ஒரு பீடத்தின் மேல். கீழே ஒரு சிறிய அட்டை.

தீட்டு ஞாபகம் வந்து இரண்டடி பின்னால் போனீர்கள். பிறகு என்ன தோன்றியதோ, மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல்காரரிடம் போய், மிகுந்த மரியாதையோடு கேட்டீர்கள்: "இவருக்குத் தளிகை எல்லாம் யார் பண்றா?"

"இன்னாது?"

"அமுது... சாப்பாடு. நைவேத்தியம்."

அவர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா ஐயரே, ஊருக்குப் புச்சா? இது செத்த காலேஜு. இங்க யாருக்கும் சோறு கெடயாது. எனக்கே வூட்லேர்ந்து டப்பாவுல வர்து."

"எப்பலேர்ந்து?"

"எனக்கா?"

"பெருமாளுக்கு."

"அது யாருக்குத் தெரியும்? மண்ணுலேர்ந்து தோண்டி எட்த்தாங்களாம். அதுக்கு முந்தி எத்தினி நூறு வருசம் உள்ள கெடந்துச்சோ."

நீங்கள் திரும்பி வந்து பெருமாளுக்கு எதிரே நின்றீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து போனது. நான் பயந்துகொண்டே உங்கள் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக, வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்றும் நினைத்தேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அவருடைய கன்னத்தைப் பார்த்தீர்கள். தோளைப் பார்த்தீர்கள். வயிற்றைப் பார்த்தீர்கள். கறிகாய்க்காரியிடம் பூசணிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கண்ணோடு பார்த்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்:

"இளைக்கவே இல்லையேடா."

அந்தக் குரலில் இருந்தது துக்கமா, நிம்மதியா, கொஞ்சம் ஏமாற்றமா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. மூன்றும் இருந்திருக்கும். அதே புன்னகையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் தொடவில்லை, விழுந்து சேவிக்கவில்லை. கையை மட்டும் கூப்பினீர்கள். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசல் மரத்தடியில் நின்று, "உன் மேனேஜர்கிட்ட வரேன்னு சொல்லிடு" என்றீர்கள்.

அந்த நாள் முழுவதும் "இந்நேரம்" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை. மூர் மார்க்கெட்டில் மப்ளர் வாங்கிக் கட்டிக்கொண்டபோது கண்ணாடி கூடக் கேட்டுப் பார்த்துக்கொண்டீர்கள்.

தையில் கும்மிடிப்பூண்டிக்கு ஜாகை மாறினீர்கள். ஊரில் பேசினார்கள். பெருமாளை விட்டுவிட்டு இரும்புக்குச் சமைக்கப் போகிறான் என்றார்கள். உங்கள் தம்பி மட்டும் பஸ் ஏற்றிவிட வந்தார்.

கேன்டீனின் முதல் நாள் எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு சமைத்தீர்கள். பாத்திரங்களுக்கு முன்னால் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்து, துளசி போட்டு, அப்புறம்தான் பரிமாறுகிற ஜன்னலைத் திறந்தீர்கள். சங்கு ஊதியதும் உலைக்களத்து ஆட்கள் கரி படிந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் வாசலில் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில், சகல தேவதைகளையும் துணைக்கு அழைத்துக்கொண்டு நின்றேன்.

உலைக்கு நேர் எதிரே நிற்கிற கோவிந்து, எளாவூர்க்காரன், முதல் கவளத்தை வாயில் வைத்தான். கையை உதறினான்.

"இன்னா சாமி, கொழம்புல உப்பே காணம்! சப்புனு கீது!"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் கரண்டியை வைத்துவிட்டு, சமையலறைக் கதவைத் திறந்து, அவன் இலைக்கு முன்னால் வந்து நின்றீர்கள்.

"என்ன சொன்னேள்? இன்னொரு தடவை சொல்லுங்கோ."

கோவிந்து மிரண்டு போனான். "தப்பா எட்த்துக்காத சாமி. நாங்க நெருப்பாண்ட நிக்கறவங்க. வேத்து வேத்து ஒடம்புல கீற உப்பெல்லாம் பூடுது. அதான் நாக்கு கேக்குது. வேற ஒண்ணும் இல்ல."

"வேற என்ன குறை? சொல்லுங்கோ, சொல்லுங்கோ."

"கொறையா? சோறு கொஞ்சம் கொழஞ்சிகீது." அவன் டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். முகம் மாறியது. "ஆனா ரசம் கீதே... ஏ ஒன்னு சாமி! இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

நீங்கள் ஊற்றினீர்கள். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகை என்று சொன்னீர்கள். அன்று வீட்டுக்குப் போனதும் அக்காவிடம், "உப்பு கம்மின்னு சொல்லிட்டாடி! சாதம் குழைஞ்சுடுத்தாம்!" என்று பரிசு வாங்கிவந்த பிள்ளை மாதிரி சொன்னீர்களாம். "அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று அவள் கேட்டாளாம். "சாத்தமுது நன்னா இருந்துதாம்" என்று ரசத்தைப் பற்றி மெதுவாகச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டீர்களாம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கூட நீங்கள் ருசி பார்த்துச் சமைக்கவில்லை. பழக்கம் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு பந்தியிலும் இலை இலையாக வந்து நின்று கேட்பீர்கள்: "எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்கோ." அவர்கள் மறைக்கவில்லை. திட்டினார்கள், கிண்டல் பண்ணினார்கள், இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்கள். உங்களுக்கு ஒவ்வொரு மத்தியானமும் மயிலாப்பூர்தான். என் இலைக்கு முன்னால் மட்டும் நிற்காமல் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவீர்கள்.

போன ஆவணியில், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குப் பெரிய வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள், சுபஸ்வீகாரத்தன்று நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அதை நீங்கள் பார்த்திருக்க முடியாது, அதனால்தான் இந்தக் கடிதமே. வீட்டுக்குள் வைதிகர்களுக்குப் பந்தி முடிந்தது. உலைக்களத்து ஆட்கள் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெருப் பந்தலில் இலை போட்டோம். நானும் அவர்களோடு கடைசி இலையில் உட்கார்ந்தேன். சமையல், சடங்கு நடத்திய வாத்தியார் கூட்டிவந்த ஆட்களுடையது. அக்கா நிலைப்படிக்கு உள்ளே, கதவுக்குப் பின்னால் இருந்தாள். அந்தப் பதின்மூன்று நாளும் அவள் பேசியதைச் சேர்த்தால் ஒரு வரி தேறாது.

எல்லாரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிந்து ஒரு கவளம் சாப்பிட்டான். நிறுத்தினான். பந்தலே கேட்கிற மாதிரி, "உப்பு பத்தல" என்றான்.

வாத்தியார் பாய்ந்து வந்தார். "ஏம்பா, இந்த மாதிரி நாள்ல சாப்பாட்டைக் குத்தம் சொல்லப்படாது. சாப்பிட்டுட்டுப் பேசாம எழுந்து போ."

"அது எப்டி ஐயரே?" கோவிந்து நிமிர்ந்து பார்த்தான். "சாமி கேக்குமே. எலையாண்ட வந்து நின்னுகினு கேக்கும். நான் இன்னான்னு சொல்றது?"

அப்போது கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள், அத்திம்பேர். அந்தக் கோலத்தில், அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில், தெரு பார்க்க. கையில் உப்புக் கிண்ணமும் ஒரு கரண்டியும். "அம்மா, நீங்க இப்போ வெளியில..." என்று வாத்தியார் ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை. கோவிந்துவின் இலை ஓரத்தில் உப்பு வைத்தாள். அடுத்த இலைக்குப் போனாள். "உங்களுக்கு? எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்கோ." அடுத்த இலை. "உங்களுக்கு?" கரி படிந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. "கொஞ்சம் போடும்மா." "எனக்குப் போதும்மா." "கொழம்பு புளிப்பு ஜாஸ்தி தாயி." ஒருவனும் மறைக்கவில்லை.

கடைசியில் என் இலைக்கு வந்தாள். தாண்டிப் போகவில்லை, நின்றாள். "உனக்கு எப்படிடா இருக்கு?"

அமிர்தம், தேவலோகம், ஐராவதம் எல்லாம் பழக்க தோஷத்தில் வாய் வரைக்கும் வந்து நின்றன. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உப்பு கம்மிதான் அக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னதை நம்பி, ஒரு கரண்டி போட்டாள்.

மற்ற விஷயங்களில் நான் அதே புளுகு மாமாதான், உங்கள் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் யார் சமைத்துப் போட்டாலும், இலையை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால், சமைத்தவரைக் கூப்பிட்டு, இருந்தது இருந்தபடி சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.